இன்சுலின் போடுபவர் டிரையத்லானில் இறங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 34. பதினோரு வருடங்களாக டைப் 1 சர்க்கரை நோய். இரவில் நீண்டநேர இன்சுலினும், ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்கு முன் வேக இன்சுலினும் போடுகிறேன். முதல்முறையாக ஸ்பிரிண்ட் டிரையத்லானுக்கு (750 மீட்டர் நீச்சல், 20 கி.மீ. சைக்கிள், 5 கி.மீ. ஓட்டம்) பயிற்சி எடுக்கிறேன். போன வாரம் ஆறு மணிக்கு இட்லி சாப்பிட்டு, வழக்கமான இன்சுலின் போட்டு, ஏழு மணிக்கு நீச்சல்குளத்தில் இறங்கினேன். பாதியில் கை தளர்ந்தது. கரையேறிப் பார்த்தால் சர்க்கரை 58. வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்கிறார்கள். விட்டுவிடவா?

பதில்: விட வேண்டாம். ஆனால் அந்த 58 எப்படி வந்தது என்று புரிந்துகொள்ளாமல் மறுபடி தண்ணீரில் இறங்கவும் வேண்டாம்.

வேக இன்சுலின் போட்டு ஒன்றிரண்டு மணி நேரத்தில் அதன் வேலை உச்சத்தில் இருக்கும். நீங்கள் இறங்கியது சரியாக அந்த நேரத்தில். உழைக்கும் தசையோ இன்சுலின் உதவி இல்லாமலும் ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுக்கும். இரண்டும் சேர்ந்ததும் சர்க்கரை சரிந்துவிட்டது. உடற்பயிற்சிக்கு ஒன்றரை மணி நேரத்துக்குள் சாப்பிடுவதானால் அந்த வேளை இன்சுலினை 25 முதல் 75 சதவீதம் வரை குறைக்க வேண்டியிருக்கும். உங்களுக்கு எவ்வளவு என்பதை உங்கள் சர்க்கரை நோய் மருத்துவரோடு பேசி முடிவு செய்யுங்கள். பாதியாகக் குறைத்துத் தொடங்குவது பலருக்குச் சரியாக வருகிறது.

மூன்றில் நான் அதிகம் பயப்படுவது நீச்சலுக்குத்தான். தண்ணீரில் வியர்ப்பது தெரியாது, நடுக்கம் களைப்பு போலவே இருக்கும், நினைத்த நேரத்தில் நின்று எதையும் சாப்பிட முடியாது. சாதாரணப் பயிற்சிக்கு 126 முதல் 180 வரை இருந்தால் போதும் என்போம். நீச்சலுக்கு மட்டும் 150-க்கு மேல் இருக்கட்டும் என்பேன். அரை மணி இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். நிலையாக நிற்கும் 150 வேறு, இறங்கிக்கொண்டிருக்கும் 150 வேறு. சர்க்கரையைத் தொடர்ந்து காட்டும் சென்சார் உடலில் மாட்டியிருந்தாலும் விரலில் குத்திப் பார்த்துவிடுங்கள். சர்க்கரை வேகமாக இறங்கும்போது சென்சார் சில நிமிடங்கள் பின்தங்கியே காட்டும்; தண்ணீருக்குள் அதன் சிக்னலும் போனுக்கு எட்டாது.

தனியாக நீந்தவே கூடாது. கரையில் இருப்பவருக்கு உங்கள் நோய் தெரிந்திருக்க வேண்டும். ஒரு குளுக்கோஸ் ஜெல்லை நீச்சலுடையின் தொடைப் பட்டிக்குள் செருகிக்கொள்ளுங்கள். போட்டியில் அசையாமல் நிற்கும் மிதவையையோ படகையோ பிடித்து ஓய்வெடுக்க விதிகள் இடம் தருகின்றன, அதைப் பிடித்து முன்னேறாத வரை. தயங்காமல் பிடியுங்கள்.

சைக்கிளில் அவ்வளவு சிரமம் இல்லை. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து போதும், வாழைப்பழம்கூடச் சரி. ஆனால் சர்க்கரை இறங்கிவிட்டால் கடலை மிட்டாயை நம்பாதீர்கள், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். 15 கிராம் குளுக்கோஸ், பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி சோதனை, அதுதான் வழி.

போட்டியன்று காலை பதற்றத்தில் சர்க்கரை ஏறும். அதைப் பார்த்து முழு அளவு இன்சுலின் போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்குவது ஆபத்து. 250-ஐத் தாண்டினால் ரத்தத்தில் கீட்டோன் (இன்சுலின் போதாதபோது உடல் கொழுப்பை எரிப்பதால் சேரும் அமிலப் பொருள்) பாருங்கள். அது லிட்டருக்கு 1.5 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்று போட்டி வேண்டாம்.

அப்புறம் இரவு. கடுமையான பயிற்சிக்குப் பிறகு 24 மணி நேரம் வரை உடல் இன்சுலினுக்குக் கூடுதலாக இணங்கும். மாலையில் ஓடினால் நடுராத்திரியில் சர்க்கரை இறங்கலாம். அந்த நாட்களில் இரவு இன்சுலினை 20 சதவீதம் போலக் குறைக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். முந்தைய 24 மணி நேரத்தில் பிறர் உதவி தேவைப்படும் அளவுக்குச் சர்க்கரை இறங்கியிருந்தால் அன்று பயிற்சியே கூடாது.

தூரத்தைக் கூட்டுமுன் விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அங்கே புது ரத்தக் குழாய்கள் முளைத்திருந்தால் முதலில் சிகிச்சை, பிறகுதான் கடும் பயிற்சி. பாத உணர்ச்சியையும் சோதிக்கச் சொல்லுங்கள். நீச்சல் முடிந்து சைக்கிள் இருக்கும் இடம் வரை வெறுங்காலோடு ஓடுவீர்கள்; மரத்த காலுக்குக் கல் குத்தியதே தெரியாது.