வாசலில் நின்றுவிடும் செல்லி

கேள்வி: டெக்ஸஸில், டல்லாஸிலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில் இருக்கிறோம். எனக்கு 41 வயது. ஐந்து வருடத்துக்கு முன்பு சும்மா சவாரி பழகலாம் என்று செல்லியை வாங்கினேன். குவார்ட்டர் ஹார்ஸ் வகை, இப்போது 14 வயது. இரண்டு வருடமாக வார இறுதிகளில் அமெச்சூர் பேரல் ரேஸிங்கில் (முக்கோணமாக வைத்த மூன்று பீப்பாய்களைச் சுற்றிக் குதிரையில் ஓடும் போட்டி) ஓடுகிறோம். என்ன முயன்றும் 17.6 விநாடிக்குக் கீழே போக முடியவில்லை. கூட ஓடுகிறவர்கள், "இவளை விற்றுவிட்டு வேகமான குதிரை வாங்கு" என்கிறார்கள். பரிசும் வரவில்லை, எதற்கு இந்தச் செலவு என்கிறார் கணவர். இரண்டு மாதமாகச் செல்லி மைதான வாசலில் நின்றுகொண்டு உள்ளே வர அடம் பிடிக்கிறாள். விற்கவும் மனசு வரவில்லை. என்ன செய்யட்டும்?

பதில்: தங்கச்சி, கடிதத்தில் பெரிய விஷயத்தைக் கடைசியில் போய் ஒளித்து வைத்திருக்கிறீர்கள். 17.6 எல்லாம் அப்புறம். வாசலில் நிற்கிறாளே, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

இரண்டு வருடம் ஓடிய குதிரை திடீரென்று உள்ளே வர மறுத்தால் அதைத் திமிர் என்று நான் நினைக்க மாட்டேன். உள்ளே போனால் வலிக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருக்கலாம். என் பழைய குதிரை இரண்டாவது பேரலில் தலையைத் தூக்கி அடிப்பான். கடிவாளத்தை மாற்றினேன், பயிற்சியாளரை மாற்றினேன், வெட்கத்தோடு சொல்கிறேன், சவுக்கையும் எடுத்தேன். ஒரு சீசன் முழுக்கப் போனது. கடைசியில் பார்த்தால் சேணம் அவனுக்குக் குறுகல். பிடரி முடிகிற இடத்துக்கு இரண்டு பக்கமும் காசு அளவுக்கு வெள்ளை முடி முளைத்திருந்தது. தினமும் பிரஷ் போட்டவள் நான்தான், கண்ணில் படவில்லை.

அதனால் அடுத்த போட்டிக்குப் பணம் கட்டாதீர்கள். கால்நடை மருத்துவரிடம் (வெட்), அதுவும் விளையாட்டுக் குதிரைகளைப் பார்த்துப் பழகியவரிடம் காட்டுங்கள். பின்னங்கால் மூட்டுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். காலை மடக்கிச் சிறிது நேரம் பிடித்திருந்து, விட்டவுடன் ஓட வைத்து நொண்டுகிறாளா என்று பார்ப்பார். வயிற்றுப் புண்ணையும் கேளுங்கள். போட்டிக் குதிரைகளுக்கு அது சர்வசாதாரணம். டிரெய்லர் பயணம், நேரம் தவறிய தீனி, படபடப்பு எல்லாம் சேர்ந்து கொண்டுவரும். பட்டினி போட்டு வயிற்றுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும், மருந்தும் இருக்கிறது. பல்லையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

நீங்கள் வலது பேரலில் தொடங்குகிறவர் என்றால் ஒரு தடவை வலப்பக்கம், இரண்டு தடவை இடப்பக்கம் திரும்புகிறாள். திருப்பத்தில் உள்பக்கப் பின்னங்கால்தான் பாரம் தாங்குகிறது. இரண்டு வருடம் இடது காலுக்கே கூடுதல் வேலை. இடது பேரலில் தொடங்கவும் விதி இடம் கொடுக்கிறது. வெட் சரி என்று சொன்ன பிறகு, நடையிலேயே அப்படி ஒரு சுற்று விட்டுப் பாருங்கள்.

உடம்பில் ஒன்றுமில்லை என்று வந்தால், மனசுதான். செல்லிக்கு அந்த வாசல் என்றால் குதிகாலால் உதை, உயிரைக் கொடுத்து ஓட்டம், அவ்வளவுதான். போட்டிக்கு முன்னால் சில டாலருக்குப் பயிற்சிச் சுற்று விற்பார்களே, அதை வாங்குங்கள், ஆனால் ஓடாதீர்கள். நடந்து உள்ளே போங்கள், நடுவில் நில்லுங்கள், கழுத்தைத் தட்டிக்கொடுங்கள், நடந்தே வெளியே வாருங்கள். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஆனால் வாசலில் முன்னங்காலைத் தூக்கி எழும்பினால் உடனே இறங்கிவிடுங்கள். மல்லாந்து விழுகிற குதிரைக்கு அடியில் மாட்டியவர்கள் உண்டு. ஹெல்மெட் இல்லாமல் ஏறாதீர்கள், தொப்பிதான் அழகு என்று யார் சொன்னாலும்.

சரி, இப்போது 17.6. லாஸ் வேகாஸில் நடக்கும் தேசிய ரோடியோ இறுதிப் போட்டியில் 13 விநாடி ஓடுகிறார்களே என்று ஒப்பிடுகிறீர்களோ என்னவோ. அந்த அரங்கம் சின்னது, பேரல்கள் நெருக்கம். முழு அளவு மைதானத்தில் முதல் இரண்டு பேரலுக்கு நடுவே 90 அடி, அங்கிருந்து மூன்றாவதுக்கு 105 அடி, தொடக்கக் கோட்டிலிருந்து முதல் பேரலுக்கு 60 அடி. அதில் 13 எவருக்கும் வராது.

அதோடு உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் நேரத்தை வைத்துப் பிரிவுகள் பிரித்து, ஒவ்வொன்றிலும் முன்னால் வருகிறவர்களுக்குத் தனிப் பரிசு கொடுக்கிறார்கள். அன்றைய முதல் நேரத்தோடு அரை விநாடி கூட்டினால் இரண்டாம் பிரிவு தொடங்கும், ஒரு விநாடி கூட்டினால் மூன்றாவது. நான்கு பிரிவு வைக்கிற இடங்களில் கடைசிப் பிரிவு பெரும்பாலும் இரண்டு விநாடியில். வென்றவள் 15.5 ஓடினால் கடைசிப் பிரிவு 17.5-இல் ஆரம்பம். செல்லியின் 17.6-க்கு அன்றைக்குப் பணமே வரலாம். வேடிக்கை என்னவென்றால் 17.49 ஓடினால் மூன்றாம் பிரிவின் வாலில் போய்த் தொங்கி ஒரு காசும் வராது! கணவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள், சிரித்துவிடுவார். செலவைப் பற்றி அவர் சொல்வதும் நியாயம்தான், தீனிக்கும் லாடத்துக்கும் பரிசுப் பணம் ஒருநாளும் கட்டாது. மாதம் இரண்டு போட்டி போதும் என்று பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

விற்பதா? நன்றாகப் பழகிய பேரல் குதிரை பல்லாயிரம் டாலர். அதன் மேல் ஏறினாலும் நீங்கள் முதல் பேரலையேதான் பார்த்துக்கொண்டு போவீர்கள் என்றால் அதுவும் முட்டித் தள்ளும். சில அமைப்புகளில் பேரல் விழுந்தால் 5 விநாடி கூடும், சிலவற்றில் அன்றைய நேரமே கிடையாது. பேரலைப் பார்க்காதீர்கள், அதைத் தாண்டிப் போக வேண்டிய இடத்தைப் பாருங்கள். பேரலுக்கும் செல்லியின் விலாவுக்கும் நடுவே இடம் விட்டு அணுகினால், திருப்பத்தில் மிச்சமாகும் நேரத்தை நீங்களே பார்ப்பீர்கள்.

பேரல் ரேஸர் சார்மெய்ன் ஜேம்ஸின் குதிரை ஸ்காம்பரைச் சொல்லி யாராவது உங்களை உசுப்பேற்றலாம். 1984 முதல் 1993 வரை பத்து உலகப் பட்டம், 1985 இறுதிப் போட்டியில் கடிவாளம் கழன்றும் அந்தச் சுற்றை வென்ற ஜோடி. கடைசிப் பட்டத்தின்போது ஸ்காம்பருக்கு 16 வயது. 14 வயசாகிவிட்டதே என்கிறவர்களுக்கு அதைச் சொல்லுங்கள். உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளாதீர்கள், அந்த மாதிரிக் குதிரை ஊருக்கு ஒன்று பிறப்பதில்லை.

வெட் வருவதற்குள் ஒரு வேலை. செல்லியை வியர்க்கும்வரை மெதுவாக ஓட்டிவிட்டுச் சேணத்தை இறக்கியதும் முதுகைப் பாருங்கள். வியர்வை ஒரே சீராக இருக்கிறதா, நடுவில் உள்ளங்கை அளவு காய்ந்த திட்டு ஏதாவது இருக்கிறதா? இருந்தால் சேணம் அங்கே அழுத்துகிறதோ என்னவோ, ஒரு படம் எடுத்து வைத்திருந்து வெட்டிடம் காட்டுங்கள். எனக்கும் ஒன்று அனுப்புங்கள்.