கவுன்சிலர் ஆக நினைக்கும் வடசென்னைப் பெண்களுக்கு: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

2011 முதல் 2016 வரை வடசென்னையில் ஒரு வார்டுக்குக் கவுன்சிலராக இருந்தேன். அதற்கு முன்னால் மகளிர் சுயஉதவிக் குழு, பூத் கமிட்டி, ரேஷன் கடை வரிசை என்று பல வருடம். அரசியலுக்கு வர நினைக்கும் பெண்கள் கேள்வி அனுப்பலாம் என்று சொல்லியிருந்தேன். நிறைய வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்து எழுதுகிறேன். கட்சிப் பெயர் எதுவும் சொல்லவில்லை. கேட்டவர்களில் எல்லாக் கட்சிக்காரர்களும் இருக்கிறார்கள், கட்சியே இல்லாதவர்களும் இருக்கிறார்கள்.

கேள்வி: அக்கா, எனக்கு 22 வயது. பி.காம். முடித்திருக்கிறேன். வீடு வியாசர்பாடி. கவுன்சிலர் தேர்தலில் நிற்க எனக்குத் தகுதி இருக்கிறதா?

தாராளமாக இருக்கிறது தங்கச்சி. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், மாநகராட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். நீங்கள் குடியிருக்கும் வார்டில்தான் நிற்க வேண்டும் என்றில்லை. ஆனால் உங்களை முன்மொழிகிறவர் அந்த வார்டு வாக்காளராக இருக்க வேண்டும். இந்த ஒரு இடத்தில் கோட்டைவிட்டு வேட்புமனு தள்ளுபடியானவர்களைப் பார்த்திருக்கிறேன். மனு கொடுப்பதற்கு முன்னால் பட்டியலை எடுத்து, முன்மொழிகிறவரின் பாகம் எண், வரிசை எண்ணை நீங்களே விரல் வைத்துப் பாருங்கள். அடுத்தவர் சொன்னதை நம்பி எழுதாதீர்கள்.

தகுதி வேறு, சீட் வேறு. தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் சட்டம் வந்துவிட்டது. அதற்கு முன் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் பெண் வார்டு கிடைப்பதில் பஞ்சமில்லை. அந்த வார்டில் யாரை நிறுத்துவது என்று கட்சியின் வட்டச் செயலாளரும் (வார்டு அளவில் கட்சிப் பொறுப்பாளர்) மாவட்டச் செயலாளரும் உட்கார்ந்து பேசும்போது உங்கள் பெயரைச் சொல்ல அங்கே ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் அப்பாவாகவோ வீட்டுக்காரராகவோ இல்லாமல் தெருவாக இருந்தால் நல்லது. நாற்பது ஐம்பது பெண்கள் போய் "அந்தப் பொண்ணு வந்தா நாங்க வேலை செய்வோம்" என்று சொன்னால் எந்தக் கட்சிக்காரரும் காது கொடுப்பார். எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

கேள்வி: நிற்க எவ்வளவு செலவாகும்? கடன் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

2022 தேர்தலில் மாநகராட்சி வார்டுக்கு டெபாசிட் 4,000 ரூபாய், பட்டியலினத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 2,000. சென்னையில் ஒரு வேட்பாளர் செலவு செய்ய அனுமதித்த உச்சவரம்பு 90,000. நடைமுறையில் அதைவிட அதிகம் போகிறது என்பது ஊருக்கே தெரியும். நான் சொல்வது இதுதான்: நகையை அடகு வைத்துத் தேர்தலில் நிற்காதீர்கள். வைத்த நகையை மீட்பதற்காக முதல் வருடத்திலேயே காண்டிராக்டர் நீட்டும் கவரை வாங்க வேண்டிவரும். அதற்கப்புறம் அவர் போட்ட சாலை மூன்று மாதத்தில் பெயர்ந்தால் வாய் திறக்க முடியாது.

இன்னொன்று. ஜெயித்தாலும் தோற்றாலும் முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் மூன்று வருடம் தேர்தலில் நிற்க முடியாமல் போகலாம். தோற்றவர்கள்தான் இதை மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: சம்பளம் உண்டா?

மதிப்பூதியம் உண்டு. 2023 ஜூலையிலிருந்து மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் 10,000 ரூபாய். எங்கள் காலத்தில் அதுகூடக் கிடையாது, கூட்டப்படி மட்டும்தான். வீட்டில் இன்னொரு வருமானம் இல்லாத பெண்ணுக்கு இது மிகவும் கஷ்டமான வேலை. அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

கேள்வி: எங்கள் வார்டில் ஜெயித்தது ஒரு அம்மா. ஆனால் "கவுன்சிலர்" என்று எல்லாரும் கூப்பிடுவது அவர் வீட்டுக்காரரை. இதற்குப் பெண்கள் ஒதுக்கீடு எதற்கு? (தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி)

உங்கள் கோபம் நியாயம்தான் தம்பி. ஆனால் அந்த அம்மாவின் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் பாருங்கள். நான் பொறுப்பேற்ற புதிதில் ஒரு கோப்பு விஷயமாக அலுவலகம் போனேன். அங்கிருந்த அதிகாரி என்னைத் தாண்டி வாசலைப் பார்த்து, "சார் வரலையாம்மா?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை. அன்றைக்கு என்னைக் கொண்டுவந்து விட்டுவிட்டு அவர் கீழே டீக்கடையில் இருந்தார். "சார் இந்த வார்டுக்கு ஓட்டு போட்டவரு. கவுன்சிலர் நான். என்கிட்ட சொல்லுங்க" என்றேன். கை நடுங்கியது. மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

அன்று இரவே வீட்டில் பேசி மூன்று விஷயம் முடிவு செய்தோம். லெட்டர்பேடும் முத்திரையும் என் பையில்தான் இருக்கும். வெற்றுத் தாளில் கையெழுத்து கிடையாது. வார்டு விஷயமாக அவர் போனுக்கு யார் பேசினாலும் "அவங்க நம்பர் தர்றேன், அவங்ககிட்ட பேசுங்க" என்று மட்டும் சொல்வார். ஐந்து வருடமும் அவர் அதைக் காப்பாற்றினார். இப்படி ஒரு மனுஷன் அமையாத பெண்களும் இருக்கிறார்கள், அவர்களைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அரசு பலமுறை எச்சரித்திருக்கிறது, கணவர்கள் தலையிடக்கூடாது என்று. எச்சரிக்கை காகிதத்தில் இருக்கும். நீங்கள் ஒன்று செய்யலாம். அடுத்த முறை கோரிக்கை மனு கொடுக்கப் போகும்போது அந்த அம்மா கையில்தான் கொடுப்பேன் என்று நில்லுங்கள். நாலு பேர் அப்படி நின்றால் அந்த அம்மாவே வெளியே வந்து உட்காருவார்.

கேள்வி: குடிதண்ணீரில் சாக்கடை கலந்து வருகிறது. கவுன்சிலரிடம் சொன்னால் "அது என் வேலை இல்லை" என்கிறார். உண்மையா?

பாதி உண்மை. குடிநீரும் கழிவுநீரும் மெட்ரோ வாட்டர் வாரியத்திடம் இருக்கின்றன, அது 1978இல் வந்த தனி வாரியம். மழைநீர் வடிகால், தெருவிளக்கு, குப்பை, உட்புறச் சாலை, மாநகராட்சிப் பள்ளி, பூங்கா, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் இவை மாநகராட்சி. போர்டு வீடுகள் என்றால் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம். பட்டாவுக்குத் தாசில்தார். மின்கம்பிக்கு மின்வாரியம். ஆனால் ஓட்டு கேட்கும்போது "தண்ணீர் வாரியத்தைப் போய்க் கேளுங்க" என்று எந்தக் கவுன்சிலரும் சொல்வதில்லையே. வேலை அவருடையது இல்லை. அந்த வேலையைச் செய்ய வைப்பது அவருடைய பொறுப்பு.

நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். எங்கள் வார்டில் ஒரு தெருவில் காலையில் அடிபம்பில் முதல் நாலு குடம் மஞ்சளாகத்தான் வரும். கொட்டிவிட்டு ஐந்தாவது குடத்திலிருந்து பிடிப்பார்கள். அதுவே பழக்கமாகிவிட்டது. ஐந்து வீட்டுப் பெண்களிடம் காலித் தண்ணீர் பாட்டில் கொடுத்து முதல் குடத்துத் தண்ணீரைப் பிடிக்கச் சொன்னேன். பாட்டில் மேல் பிளாஸ்திரி ஒட்டி, கதவு எண், தேதி, நேரம் பேனாவால் எழுதினோம். ஒரு வாரம் சேர்த்த பிறகு முப்பத்தைந்து பாட்டில். இரண்டு கட்டைப்பையில் தூக்கிக்கொண்டு மெட்ரோ வாட்டர் டிப்போவுக்குப் போய்ப் பொறியாளர் மேஜையில் வரிசையாக வைத்தோம். மூன்றாவது வீட்டுப் பாட்டில்தான் எல்லா நாளும் அதிகக் கலங்கலாக இருந்தது. அதைப் பார்த்ததும் அவருக்கே புரிந்துவிட்டது. அந்த வீட்டு வாசலில் தோண்டினார்கள். கழிவுநீர் இணைப்புக் குழாய் உடைந்து, அதன் அடியிலேயே குடிநீர்க் குழாய் ஓடியது. இரண்டு நாளில் மாற்றினார்கள்.

அந்தப் பொறியாளர் கெட்டவர் இல்லை. "தண்ணி சரியில்ல சார்" என்று தினமும் இருபது பேர் சொல்கிறார்கள், எங்கே தோண்டுவது என்று யாரும் சொல்வதில்லை. மாநகராட்சி விஷயத்துக்கு 1913இல் புகார் கொடுங்கள், புகார் எண்ணை நோட்டில் எழுதுங்கள். கவுன்சிலர் ஆக நினைக்கும் பெண்ணுக்கு அந்த நோட்டுதான் முதல் சொத்து.

கேள்வி: மன்றக் கூட்டத்தில் பேச பயமாக இருக்காதா அக்கா?

இருக்கும். மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகைப் படி ஏறும்போதே வயிறு கலங்கும். முதல் கூட்டத்துக்கு என் பையனின் பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்து, பெரிய எழுத்தில் ஆறு வரி எழுதிக்கொண்டு போனேன். தெருப் பெயர், எத்தனை விளக்கு எரியவில்லை, எந்தத் தேதியிலிருந்து. அவ்வளவுதான். தலைவரைப் பாராட்டி நாலு நிமிடம் பேசுகிறவர்களுக்கு நடுவில் நான் நாற்பது நொடியில் உட்கார்ந்துவிட்டேன். அடுத்த வாரம் விளக்கு வந்தது. நல்ல பேச்சு வராது என்று தயங்காதீர்கள். கணக்கு வந்தால் போதும்.

கேள்வி: ஒரு முறை ஜெயித்த வார்டு அடுத்த முறை பொது வார்டு ஆகிவிட்டால் பெண் கவுன்சிலரின் கதி? (திருவொற்றியூரிலிருந்து கேட்டவர் இப்போது பதவியில் இருப்பவர்)

இந்தக் கேள்விக்காகத்தான் நான் எழுதவே உட்கார்ந்தேன் அம்மா. சுழற்சி முறையில் வார்டின் ஒதுக்கீடு மாறும். பொது வார்டில் பெண்கள் நிற்கக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் "பொது" என்று அறிவித்த மறுநாளே கட்சியில் அதை ஆம்பளை வார்டு என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஐந்து வருடம் தெருத் தெருவாக நடந்தவளிடம் "நீ வேற வார்டு பாரும்மா" என்பார்கள். ஆண் கவுன்சிலர் பழகிப் பழகி எம்.எல்.ஏ. வரை போகிறார். பெண் ஒவ்வொரு முறையும் புதிதாகவே தொடங்க வேண்டியிருக்கிறது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 2016 அக்டோபரில் தேர்தல் என்று அறிவித்தார்கள். மனு கொடுத்துவிட்டேன், நோட்டீஸ்கூட அச்சாகி வந்துவிட்டது. அக்டோபர் 4 அன்று உயர் நீதிமன்றம் அறிவிப்பை ரத்து செய்தது. அதே மாதம் எங்கள் பதவிக்காலமும் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19இல்தான் நடந்தது. நடுவில் ஐந்து வருடத்துக்கு மேல் சென்னையில் கவுன்சிலரே கிடையாது, தனி அதிகாரி ஆட்சி. வார்டு எல்லைகளும் மாறிவிட்டன. என்னோடு மன்றத்தில் உட்கார்ந்த பெண்களில் பலர் அந்த இடைவெளியில் திரும்பவும் வீட்டுக்குள் போய்விட்டார்கள். திறமை இல்லாமல் இல்லை. வருடக்கணக்காகப் பதவி இல்லாத பெண்ணை யாரும் கூட்டத்துக்குக் கூப்பிடுவதில்லை.

பதவிக்காலம் முடிந்த அதே 2016இல், டிசம்பர் 12 அன்று வர்தா புயல். எங்கள் தெருவில் ஒரு வேப்பமரம் மின்கம்பியோடு சேர்ந்து விழுந்து வழி அடைத்துக் கிடந்தது. சாயங்காலம் கதவு தட்டினார்கள். "நான் இப்ப கவுன்சிலர் இல்லம்மா" என்று சொல்ல வாய் எடுத்தேன், வரவில்லை. மின்வாரியத்துக்குச் சொல்லி லைனை நிறுத்தியிருக்கிறார்களா என்று உறுதி செய்துகொண்டு, மரம் அறுக்கும் ஆளைத் தேடிப் போனேன். மறுநாள் மண்டல அலுவலகம் போய் விழுந்த மரங்களின் பட்டியலைக் கொடுத்தேன். என் நோட்டில் எல்லாத் தெருவும் இருந்ததே. வாங்கிக்கொண்டார்கள். பதவி போன பிறகு லெட்டர்பேடு இல்லாமல் வெறும் வெள்ளைத் தாளில் நான் கொடுத்த முதல் மனு அது.

அதனால் உங்களுக்குச் சொல்வது: வார்டு போனாலும் மண்டலத்தை விடாதீர்கள். பதவியில் இருக்கும்போதே மன்றத்தின் நிலைக்குழுக்களில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கல்வி, சுகாதாரம் என்று பெண்களுக்குத் தள்ளுவார்கள். நீங்கள் பணிகள் குழுவையோ, வரிவிதிப்பு மற்றும் நிதிக் குழுவையோ கேளுங்கள். பணம் எங்கே போகிறது என்று தெரிந்த பெண்ணை ஒதுக்குவது கஷ்டம். கட்சியிலும் மகளிரணிப் பதவி மட்டும் போதாது, வட்டப் பொறுப்பு கேளுங்கள். சீட் பேசும் இடத்தில் உட்காருகிறவர் வட்டச் செயலாளர்தான்.

கேள்வி: வடசென்னைப் பெண் மேயர் ஆகலாமா? (ஒன்பதாம் வகுப்பு மாணவிக்காக அவள் ஆசிரியை கேட்டது)

ஆகியிருக்கிறார் கண்ணு. திரு.வி.க. நகர் மண்டலத்தில் 74ஆவது வார்டில் ஜெயித்த ஆர். பிரியா, 2022 மார்ச் 4 அன்று 28 வயதில் மேயரானார். சென்னையின் முதல் தலித் பெண் மேயர். அவருக்கு முன் இரண்டே இரண்டு பெண்கள்தான்: 1956இல் தாரா செரியன், 1971இல் காமாட்சி ஜெயராமன். 1688இல் தொடங்கிய மாநகராட்சிக்கு மூன்று பெண் மேயர்கள். மேயர் பதவி அந்தமுறை பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டதால் இது நடந்தது. இல்லாவிட்டால் நடந்திருக்குமா என்று யோசித்துப் பார். இன்னொரு பெயரும் எழுதி வைத்துக்கொள். 1957இலேயே பெரம்பூர் சத்தியவாணி முத்துவைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. 1967இல் அண்ணாவின் அமைச்சரவையில் அவர் அமைச்சர்.

கேள்வி: ஏரியா சபைக் கூட்டம் என்கிறார்களே, போனால் பயன் உண்டா?

போங்கள். வார்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, அந்தந்தப் பகுதி மக்களைக் கூட்டிக் குறை கேட்கும் கூட்டம் அது. ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 என்று நாள் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் காலத்தில் இப்படி ஒன்று இல்லை. இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ உதவியாக இருந்திருக்கும். நோட்டீஸ் வராவிட்டால் வார்டு அலுவலகத்தில் கேளுங்கள். பேசியதைப் பதிவேட்டில் எழுதினார்களா என்று பார்த்துவிட்டு எழுந்து வாருங்கள். அரசியலுக்கு வர நினைக்கும் பெண் மைக் பிடித்துப் பழக இதைவிட நல்ல இடம் இல்லை.

கேள்வி: கொடுங்கையூர் குப்பைக் கிடங்கு விஷயத்தில் ஒரு கவுன்சிலரால் என்ன செய்ய முடியும்?

தனி ஒருவரால் பெரிதாக முடியாது. ஊரின் பாதிக் குப்பையைப் பல பத்தாண்டுகளாக நம் தலையில் கொட்டிய இடம் அது. 2022 தேர்தல் கணக்குப்படி வடக்கில் ஆறு மண்டலம்: திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, இராயபுரம், திரு.வி.க. நகர். மொத்தம் 78 வார்டு, 200இல் 78! இந்த 78 பேரும் கட்சி பார்க்காமல் ஒரு நாள் ஒரே குரலில் எழுந்தால் மன்றம் கேட்டுத்தான் ஆக வேண்டும். நான் இருந்த ஐந்து வருடத்தில் அப்படி ஒரு நாளைப் பார்க்கவில்லை. பார்க்க ஆசைப்படுகிறேன்.

கேள்வி: என் மகள் நிற்க ஆசைப்படுகிறாள். ராத்திரி பதினொரு மணிக்கெல்லாம் ஆம்பளைகள் போன் செய்வார்களே, பயமாக இருக்கிறது. (எர்ணாவூர் அம்மா ஒருவர்)

செய்வார்கள் அம்மா, அதை மறைக்க முடியாது. வார்டுக்குத் தனி நம்பர் வாங்கிக் கொடுங்கள். ராத்திரி பத்துக்கு மேல் அந்தப் போனை நீங்கள் எடுங்கள். "கவுன்சிலரோட அம்மா பேசுறேன், என்ன விஷயம்?" என்று கேளுங்கள். வீண் போன் என்றால் அந்தக் குரலிலேயே நின்றுவிடும். பிரசவ வலி, தீ விபத்து, மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது என்றால் அவளை எழுப்புங்கள். எனக்கு அப்படி எடுத்தவர் என் மாமியார். ஐந்து வருடத்தில் அவர் என்னை எழுப்பிய ராத்திரிகள் எல்லாமே நான் போக வேண்டிய ராத்திரிகளாகத்தான் இருந்தன.