ஹோமரின் ட்ராய் போர்க் காவியமான இலியட்டை, அதில் அக்கிலிஸ் என்ற கிரேக்க வீரனிடம் அடிமைப்பட்ட பிரிசெயிஸ் சொல்வதுபோலப் பதின்ம வயதினருக்கு நாவலாக எழுத ஆசை. எங்கிருந்து தொடங்குவது?

மூலத்தில் அவள் வரும் இடங்களை மட்டும் ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

24 காண்டங்களில் அவள் பேசுவது ஒரே ஒருமுறை: 19ஆம் காண்டத்தில், அக்கிலிஸின் உயிர்த்தோழன் பட்ரோக்ளஸின் உடலைக் கண்டு அழும்போது. மொத்தம் 14 வரி. கணவனும் உடன்பிறந்தார் மூவரும் மாண்டது, அக்கிலிஸுக்கே மனைவியாக்குவதாகச் சொல்லி பட்ரோக்ளஸ் தேற்றியது எல்லாம் அதற்குள் இருக்கிறது. அடுத்த இரண்டு வரிதான் உங்களுக்குப் பொக்கிஷம். கூட நின்ற பெண்களும் அழுகிறார்கள். பெயருக்கு பட்ரோக்ளஸுக்காக, உள்ளுக்குள் அவரவர் துக்கத்துக்காக. நாவலுக்கு வேண்டிய மற்றப் பெண்கள் இங்கேயே நிற்கிறார்கள்.

முதல் காண்டத்தில் கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னானின் ஆட்கள் அக்கிலிஸிடமிருந்து அழைத்துப் போகும்போது அவள் மனமில்லாமல் போனாள் என்று ஒரே சொல்லில் வருகிறது. ஒன்பதாவதில், ஈட்டியால் வெல்லப்பட்டவள் என்றாலும் நெஞ்சார நேசித்தேன் என்கிறான் அக்கிலிஸ். அதே ஆள் 19இல், அவளுடைய ஊரான லிர்னெசஸைப் பிடித்த அன்றே வேட்டைத் தெய்வம் ஆர்ட்டெமிஸின் அம்பு அவளைக் கொன்றிருக்கலாமே என்கிறான். பலர் ஒன்பதாவதை மட்டும் பிடித்துக்கொண்டு காதல் கதையாக்கிவிடுகிறார்கள். அவள் அடிமை என்பது அதில் மறைந்துபோகிறது. இரண்டு பேச்சும் நாவலில் இருந்தே ஆக வேண்டும்.

இன்னொரு சிக்கல், 'நான்' என்று சொல்பவள் போர்க்களத்துக்குப் போக முடியாது. அதற்காக அவள் கையில் வாளைக் கொடுத்தால் கதை உடைந்துவிடும். தறி, தண்ணீர்க் குடம், பிணத்தைக் கழுவுவது என்று வேலை கொடுங்கள். அடிமைப்பட்டால் அந்நியர் வீட்டில் தறி நெய்யவும் தண்ணீர் சுமக்கவும் நேரும் என்று தன் மனைவி ஆண்ட்ரோமக்கியிடம் ட்ராய் இளவரசன் ஹெக்டர் ஆறாம் காண்டத்தில் சொல்வதும் இதைத்தான். சண்டைச் செய்தி காயம்பட்டவர் வாய்வழியாக வரட்டும்.

பாலியல் வன்முறையை மறைக்க வேண்டாம். இந்த வயது வாசகர்களுக்கு அதைக் காட்சியாக விரிக்கவும் வேண்டாம். மறுநாள் காலையை எழுதுங்கள்.

பெயரையும் கவனியுங்கள். பிரிசெயிஸ் என்றால் பிரிசெயஸின் மகள் என்றுதான் பொருள். அவளுக்கென்று வேறு பெயரை இலியட் சொல்லவில்லை. அவள் தாய் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாள் என்பதை முதல் அத்தியாயத்துக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். அந்தப் பெயரை முகாமில் யாரிடம் சொல்கிறாள், யாரிடம் சொல்ல மறுக்கிறாள் என்பதிலேயே பல காட்சிகள் கிடைக்கும்.

கடைசியாக அவள் தென்படுவது 24ஆம் காண்டத்தில், அக்கிலிஸின் பக்கத்தில் படுத்திருப்பவளாக. ஒரே வரி. அவள் தூங்கினாளா என்று ஹோமர் சொல்லவில்லை.