காற்று இறங்கிய சைக்கிள்

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. பள்ளிக் கபடி டீமில் இருந்தவன். கொரோனா வந்ததிலிருந்து போனும் படுக்கையுமாகக் கிடக்கிறான். பத்தாம் வகுப்பும் ‘ஆல் பாஸ்’ ஆகிவிட்டது. இரவு 2 மணிக்குப் படுத்து 11 மணிக்கு எழுகிறான். 8 கிலோ ஏறிவிட்டான். “எப்படி ஊதிட்ட பாரு” என்றால், யோகா வீடியோ போட்டுக் காட்டினால், எரிந்து விழுகிறான். சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே காற்று இறங்கி நிற்கிறது. என்ன செய்யட்டும்?
— ஒரு தாய், உறையூர் (ஜூன் 2021)

பதில்: அம்மா, யோகா வீடியோவை விடுங்கள். அந்தச் சைக்கிளைப் பார்ப்போம்.

உங்கள் பையன் பள்ளிக்கு மிதித்தான், டியூஷனுக்கு மிதித்தான், சாயங்காலம் கிரவுண்டில் மண்ணில் புரண்டான். அதற்கெல்லாம் யாரும் உடற்பயிற்சி என்று பேர் வைக்கவில்லை. 2020 மார்ச்சில் பள்ளியைப் பூட்டியதும் அத்தனையும் மொத்தமாகப் போயிற்று. இந்த ஜனவரியில் திறந்தார்கள். இரண்டே மாதத்தில் மறுபடி பூட்டு. இதைப் போய்ச் சோம்பேறித்தனம் என்றால் கோபம் வரத்தானே செய்யும்?

உலக சுகாதார நிறுவனம் 5 முதல் 17 வயது வரை தினம் சராசரியாக 60 நிமிடம் மூச்சு வாங்க உடல் அசைய வேண்டும் என்கிறது. கொரோனாவுக்கு முன்பே, 2016 கணக்கில், 146 நாடுகளில் 11-17 வயதுப் பிள்ளைகள் நூற்றில் 81 பேர் இதை எட்டவில்லை. (பி.டி. பீரியடைக் கணக்கு சாருக்குத் தாரை வார்ப்பது நம் ஊரில் மட்டும் இல்லை போலிருக்கிறது. முப்பது வருடம் விசிலோடு நின்றவன், வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.)

அந்த 60 நிமிடத்தை ஒரே மூச்சில் முடிக்க வேண்டியதில்லை. தண்ணீர்க் குடத்தை மாடிக்கு ஏற்றுவதும் கணக்கில் வரும். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்ற அளவுக்கு மூச்சு வாங்கினால் போதும். ‘கபடி கபடி’ என்று பாடிப் போனவனுக்கு இதை விளக்கவே வேண்டாம். எலும்பும் தசையும் உறுதிப்பட வாரம் மூன்று நாள் தண்டால், பஸ்கி. தனியாகச் செய்ய மாட்டான். அவன் டீம் பையன்கள் வீடியோ காலில் வரட்டும். யார் அதிகம் என்று போட்டி போடட்டும். நீங்கள் திட்டுகிற அதே போன்தான், பரவாயில்லை.

தூக்கத்தை ஒரே நாளில் திருப்ப முடியாது. இந்த வயதில் உடம்பே கொஞ்சம் தாமதமாகத்தான் தூக்கம் கேட்கும். எழுப்பும் நேரத்தை இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை அரை மணி முன்னால் நகர்த்துங்கள். எழுந்ததும் மொட்டை மாடியில் வெயில் படட்டும்; துணி காயப்போடும் வேலையை அவனிடம் தள்ளிவிடுங்கள். எடை போடும் மெஷினைப் பரணில் ஏற்றிவிடுங்கள். வளர்கிற பிள்ளைக்கு உயரமும் ஏறியிருக்கும். ‘ஊதிட்ட’ என்ற சொல் இனி வீட்டில் வேண்டாம்.

வீட்டில் யாருக்காவது கொரோனா வந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. அவனுக்கு வந்திருந்தால், டாக்டரைக் கேட்டுவிட்டு மெதுவாகத் தொடங்குங்கள். நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம் வந்தால் உடனே நிறுத்த வேண்டும். அப்புறம், இரண்டு வாரமாக நண்பர்களிடம்கூடப் பேசாமல், சோறு இறங்காமல் இருந்தாலோ, ‘எதுக்கு இருக்கணும்’ என்கிற மாதிரி ஒரு தடவை பேசினாலோ, தண்டால் உதவாது. மனநல மருத்துவரைப் பாருங்கள். 104-க்கு போன் செய்தாலும் ஆலோசனை கிடைக்கும்.

சைக்கிளுக்கு நீங்கள் காற்றடித்துக் கொடுக்காதீர்கள். பம்பை மட்டும் படிக்கட்டில் வைத்துவிட்டு, கொத்தமல்லி வாங்கி வரச் சொல்லுங்கள். முகக்கவசத்தோடு. மூன்று மாதம் நின்ற வண்டி, வால்டியூப் மாற்ற வேண்டியிருக்கும். அதற்கும் சேர்த்துக் காசு கொடுங்கள்.