கணினி கேள்வி-பதில்: ஹெட்ஃபோன் திக்குவது லினக்ஸால்தானா?

கேள்வி: என் டெஸ்க்டாப்பில் லினக்ஸ் மின்ட் 22 போட்டிருக்கிறேன். புளூடூத் டாங்கிளை (யுஎஸ்பியில் செருகும் சிறு புளூடூத் கருவி) பின்பக்கம் செருகிப் பாட்டுக் கேட்டால் திக்கித் திக்கி வருகிறது, வெளி ஹார்ட் டிஸ்கில் ஃபைல் காப்பி ஆகும்போது கேட்கவே முடிவதில்லை. அதே ஹெட்ஃபோன் போனில் நன்றாகப் பாடுகிறது. இணையத்தில் பார்த்து கான்ஃபிக் (அமைப்பு) ஃபைல்களை மாற்றியும் பலனில்லை. விண்டோஸுக்கே போய்விடலாமா?
— வாசகர், திருப்பூர்

பதில்: அவசரப்படாதீர்கள். ஹார்ட் டிஸ்க் ஓடும்போது மோசமாகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. யுஎஸ்பி 3 போர்ட்டும் கேபிளும் வேலை செய்யும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் ரேடியோ இரைச்சலைக் கக்கும், இதை இன்டெல் நிறுவனமே 2012-ல் அளந்து வெளியிட்டது. புளூடூத் பேசுவதும் அதே 2.4-ல்தான். உங்கள் டாங்கிள் ஹார்ட் டிஸ்க் கேபிளுக்குப் பக்கத்திலேயே, இரும்புப் பெட்டிக்குப் பின்னால், அநேகமாக மேசைக்கு அடியில் உட்கார்ந்திருக்கும். விண்டோஸ் போட்டாலும் இந்த இரைச்சல் எங்கும் போகாது.

ஒரு மீட்டர் யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, டாங்கிளை மேசை மேல், ஹெட்ஃபோனுக்கு நேராகத் தெரிகிற மாதிரி வையுங்கள். கேபிளை யுஎஸ்பி 2 போர்ட்டில் செருகுவது இன்னும் நல்லது. நூறு கட்டளை அடிப்பதைவிட இதற்குப் பலன் அதிகம், முதலில் இதைச் செய்துவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும்.

அப்புறம் வைஃபை. கணினி 2.4 வைஃபையில் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், அல்லது லேன் கேபிள் போட்டுவிடுங்கள். புளூடூத் 79 சேனல்களில் நொடிக்கு 1600 முறை வரை தாவித் தாவித்தான் ஓடுகிறது, வைஃபை ஒன்று வந்தாலே சுமார் இருபது சேனல் போய்விடும். இன்னொன்று, மின்டில் புளூடூத்தைக் கவனிக்கும் புளூமேனில் புதிய சாதனம் தேடுகிற வேலை ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்துங்கள், பாட்டுக்குப் போக வேண்டிய நேரத்தைத் தேடல் தின்றுவிடும். உபுண்டு லினக்ஸில் செட்டிங்ஸின் புளூடூத் பக்கம் திறந்திருந்தாலே தேடல் தொடங்கிவிடும், பலருக்கு இது தெரிவதில்லை.

இதற்குப் பிறகும் திக்கினால் டெர்மினலில் பிடபிள்யூ-டாப் (pw-top) என்ற கட்டளையை ஓட விட்டுப் பாட்டைப் போடுங்கள். மின்டில் ஒலியைக் கவனிக்கும் பைப்வயரின் நிலவரம் அதில் வரி வரியாகத் தெரியும். ஈஆர்ஆர் (ERR, பிழை எண்ணிக்கை) என்ற பத்தியைப் பாருங்கள். ஒலி அறும்போதெல்லாம் அந்த எண் ஏறினால் கணினி நேரத்துக்கு ஒலியைக் கொடுக்கவில்லை என்று அர்த்தம், அப்போது க்வாண்டம் அளவை (ஒரு தடவையில் கையாளும் ஒலித்துண்டின் அளவு) 1024-லிருந்து 2048 ஆக்கலாம். எண் அசையாமல் ஒலி மட்டும் அறுந்தால் தகராறு பெரும்பாலும் காற்றில்தான், கான்ஃபிக் ஃபைலில் கை வைத்துப் பயனில்லை.

ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறையான கோடெக்கையும் பாருங்கள். பல்ஸ்ஆடியோ வால்யூம் கன்ட்ரோலில் கான்ஃபிகரேஷன் பக்கத்தில் எல்டேக் (LDAC) என்று இருந்தால் எஸ்பிசி-க்கு (SBC) மாற்றிப் பாருங்கள். எல்டேக் நொடிக்கு 990 கிலோபிட் வரை அனுப்பும், எஸ்பிசி-க்குச் சுமார் 328 போதும். அறுந்து அறுந்து வரும் உயர்தர ஒலியைவிட ஒரே சீராக வரும் சாதாரண ஒலியே எனக்கு மேல்.

நீங்கள் மாற்றிய ஃபைல்களை நீக்கிவிடுங்கள். மின்ட் 22-ல் பைப்வயரை நிர்வகிக்க இருப்பது வயர்பிளம்பர் 0.4. 2024-ல் வந்த 0.5-ல் கான்ஃபிக் எழுதும் முறையே மாறிவிட்டது, இணையத்தில் அதற்காக எழுதியதை உங்கள் கணினி படிக்காது.

கேள்வி: வீடியோ மீட்டிங்கில் சேர்ந்ததும் ஹெட்ஃபோன் ஒலி பழைய டெலிபோன் மாதிரி ஆகிவிடுகிறதே?
— வாசகி, தஞ்சாவூர்

பதில்: மைக் திறந்ததும் ஹெட்ஃபோன், பாட்டுக்கான ஏ2டிபி (A2DP) முறையை விட்டுவிட்டு அழைப்புக்கான எச்எஃப்பி (HFP) முறைக்கு மாறிவிடுகிறது. அது ஒற்றைச் சேனல், பெரும்பாலும் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ்தான், அதனால்தான் அந்தக் கரகரப்பு. மைக்காக வெப்கேமையோ வயர் மைக்கையோ தேர்ந்தெடுத்து, ஹெட்ஃபோனைக் கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், தானாக மாறியிருந்தால் மேலே சொன்ன அதே கான்ஃபிகரேஷன் பக்கத்தில் ஏ2டிபி-யைத் திரும்பத் தேர்ந்தெடுக்கலாம்.