உள்ளூர்த் துணி, மனசுக்கு ஒப்பிய துணி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிற கடலூர், புதுச்சேரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பருத்தி, தறி, சாயம், அட்டை ஆகியவை பற்றி விரிவாகச் சொல்கிறேன். மற்றவற்றுக்கு யாரைக் கேட்கலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

மஞ்சக்குப்பம்: குறிஞ்சிப்பாடி கைத்தறிக் கைலி என்று 450 ரூபாய் சொல்கிறார்கள். அதே கட்டம் பக்கத்துக் கடையில் 220. கைத்தறிதானா என்று எப்படிப் பார்ப்பது?

துவைப்பதற்கு முன்னால் கரையைப் பாருங்கள் அம்மா. நெய்யும்போது துணி அகலம் குறுகாமல் இருக்க, இரு முனையிலும் ஊசி வைத்த கம்பை நெசவாளர் கரைக்குக் கரை குத்தி நிறுத்துவார். சில அங்குலம் நெய்ததும் பிடுங்கி முன்னால் தள்ளிக் குத்துவார். அதனால் கரையோரம் சின்னத் துளைகள் விட்டு விட்டு, இடைவெளி சமமில்லாமல் இருக்கும். விசைத்தறியில் அந்த வேலையை முள் உருளை செய்கிறது. அதன் தடம் கரை நெடுக ஒரே சீராக ஓடும். இரண்டு தண்ணீர் போனால் துளை மூடிவிடும், பிறகு தெரியாது.

அடுத்து, துணியை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். தறியை நிறுத்தி மறுபடி மிதித்த இடத்தில் ஊடை நூல், அதாவது குறுக்கே போகும் நூல், கொஞ்சம் நெருங்கியோ விலகியோ குறுக்கே மெல்லிய கோடு தெரியும். இரண்டு மீட்டரில் ஒன்றுகூட இல்லை என்றால் சந்தேகப்படலாம். இரு பக்கமும் கட்டம் ஒரே அழுத்தமாக இருப்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அது நூலிலேயே சாயம் போட்டதற்கு அடையாளம், விசைத்தறியிலும் அப்படித்தான் இருக்கும்.

விலை வித்தியாசத்துக்குக் கணக்கு இருக்கிறது. அங்குலத்துக்கு 60 ஊடை என்று வைத்தால் இரண்டு மீட்டர் கைலிக்கு, ஊடை நூலைக் கொண்டுபோகும் நாடா ஏறக்குறைய 4,700 தடவை போய்வர வேண்டும். நிமிடத்துக்கு 60 தடவை, நிற்காமல் அடித்தாலே ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல். அறுந்த இழையை முடிவது, நாடாவுக்குள் வைக்கும் தாரில் நூல் சுற்றுவது, நீளவாக்கு நூலான பாவு ஓடுவது, கஞ்சி போடுவது எல்லாம் இதற்கு வெளியே. அந்த நேரத்துக்குத்தான் நீங்கள் காசு கொடுக்கிறீர்கள்.

2006-இல் வந்த கைத்தறி முத்திரை துணியில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பில்லில் 'கைத்தறி' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.

லாஸ்பேட்டை: 'மேட் இன் இந்தியா' என்று அட்டையில் இருந்தால் போதாதா?

ஆடை இங்கே தைக்கப்பட்டது என்பதற்கு அது போதும். துணி, நூல், ஜிப், பொத்தான் எங்கிருந்து வந்தன என்று அது சொல்லாது, பாலியஸ்டர் கலந்த துணியில் குறிப்பாக. இறக்குமதி ஆடை என்றால் எந்த நாடு என்று குறிப்பிட்டாக வேண்டும், அதைத் தேடுங்கள். 'தயாரித்தவர்' முகவரியும் 'விற்பனை செய்பவர்' முகவரியும் வேறு வேறு. பெரிய எழுத்தில் ஊர்ப்பெயர் இருப்பது பெரும்பாலும் இரண்டாவதுதான்.

நூல் முதல் தையல் வரை தெரிய வேண்டுமென்றால், நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடையில் துணியாக எடுத்துத் தெருமுனைத் தையல்காரரிடம் கொடுங்கள். தையற்கூலி உங்கள் கண்ணெதிரிலேயே ஒருவர் கைக்குப் போகும்.

அரியாங்குப்பம்: காந்தி வீதி ஞாயிறு சந்தையில் ஏற்றுமதி மிச்சம் என்று சட்டை மலிவாகக் கிடைக்கிறது. திருப்பூரில் தைத்தது என்கிறார்கள். வாங்கலாமா?

உள்பக்கத் தையலில் துவைக்கும் முறை அட்டை இருக்கும். அதைக் கத்தரித்திருந்தாலும் அடிக்கட்டை நிற்கும். அதில் சில சமயம் 'மேட் இன்' எழுத்துக்கூட மிஞ்சியிருக்கும். திருப்பூர் என்று சொல்லி விற்றதில் வங்கதேசம் என்று இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அட்டையே இல்லையென்றால் எங்கே தைத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

தைத்த துணி வீணாகக் கூடாது என்பது உங்கள் நோக்கமென்றால் தாராளமாக வாங்குங்கள். அதற்கான தண்ணீரும் சாயமும் ஏற்கெனவே செலவாகிவிட்டன. தைத்தவருக்குக் கூலி போய்ச் சேரவேண்டும் என்பது நோக்கமென்றால், நீங்கள் கொடுக்கும் பணம் அங்கே போகாது. இரண்டும் நல்ல நோக்கம், ஆனால் ஒரே சட்டையில் இரண்டும் நிறைவேறாது.

நெல்லிக்குப்பம்: சாயம் போகாமலிருக்க முதல் தடவை உப்புத் தண்ணீரில் ஊறவைக்க வேண்டுமா?

உப்பு சாயத்தைப் பூட்டாது. நன்றாகச் சாயம் போட்ட நூலிலும் ஒட்டாத மிச்சம் இருக்கும். பட்டறையிலேயே சூடான சோப்புத் தண்ணீரில் அலசி அதை எடுக்க வேண்டும். அங்கே அலசலைக் குறைத்தால் அது உங்கள் வாளியில் இறங்கும். கடையிலேயே வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பத்துத் தடவை தேய்த்துப் பாருங்கள். அழுத்தமாக ஒட்டினால் வேண்டாம். வீட்டுக்கு வந்தபின் தனியாக, நிழலில் உலர்த்துங்கள், அவ்வளவுதான்.

வில்லியனூர்: கதர்க் கடையில் வாங்கினால் எல்லாம் கதர்தானே?

இல்லை ஐயா. கையால் நூற்று, கையால் நெய்தது மட்டுமே கதர். மில் நூலைக் கைத்தறியில் நெய்தால் அது கைத்தறித் துணி, கதர் அல்ல. அதே அலமாரியில் பாலிவஸ்திராவும் இருக்கும். அதில் பாலியஸ்டர் 67, பருத்தி 33. கசங்காது, சீக்கிரம் உலரும், ஆனால் நீங்கள் நினைத்தது அதுவல்ல.

வீட்டில் ஓரத்திலிருந்து ஓர் இழை உருவி நெருப்பில் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து மென்சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கருமணியாக இறுகும். மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் இழையும் பருத்தி மாதிரியே எரியும். அதற்கு இழையை நனைத்து இழுத்துப் பாருங்கள், விஸ்கோஸ் ஈரத்தில் பட்டென்று அறும், பருத்தி தாங்கும்.

முத்தியால்பேட்டை: நாங்கள் நெசவாளர் குடும்பம். விசைத்தறித் துணி வாங்குவதே கைத்தறிக்குச் செய்கிற துரோகம் என்கிறேன். நீங்கள் அதைச் சொல்லத் தயங்குகிறீர்கள்.

தயக்கமில்லை, உடன்பாடில்லை. உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் அதைத் திருப்ப வேண்டிய இடம் வேறு. 1985-ஆம் ஆண்டுச் சட்டம் சேலை, வேட்டி, லுங்கி உட்பட 11 வகைகளை, குறித்த தரங்களோடு, கைத்தறிக்கென ஒதுக்கியிருக்கிறது. அதை மீறி விசைத்தறியில் ஓட்டிக் கைத்தறி என்று விற்பதுதான் உங்கள் கூலியைத் தின்கிறது. விசைத்தறித் துணி என்று சொல்லி விற்கிற சட்டைத் துணியால் உங்களுக்கு அந்தக் கேடு இல்லை.

நெல்லிக்குப்பம் (இன்னொருவர்): அப்படிக் கேளுங்கள். இரவு ஷிப்டில் எட்டுத் தறியைப் பார்த்துக்கொள்கிறவன் தொழிலாளி இல்லையா?

முத்தியால்பேட்டை: அவர் எட்டுத் தறி பார்ப்பதால்தான் எங்கள் வீட்டுத் தறி எட்டும் நின்றது.

இருவரும் சொல்வது உண்மை. புதுச்சேரிக்காரர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. 1936 ஜூலை 30 அன்று இங்கே மில் வாசலில் பிரெஞ்சு அரசின் போலீஸ் சுட்டு 12 தொழிலாளர்கள் இறந்தார்கள். எட்டு மணி நேர வேலை அதன் பிறகுதான் வந்தது. எந்திரத்தில் ஓடிய துணிக்கும் அந்த விலை கொடுக்கப்பட்டிருக்கிறது. 1898-இல் தொடங்கிய ஏஎப்டி மில் 2020-இல் மூடியபோது போனதும் நம் ஊர்ப் பிழைப்புதான். ஆகவே கைத்தறிக்கென ஒதுக்கியதைக் கைத்தறியில் வாங்குங்கள், மற்றதை அது எதுவோ அந்தப் பெயரிலேயே வாங்குங்கள். எதுவாயிருந்தாலும் பில்லில் எழுதி வாங்குங்கள்.

முத்தியால்பேட்டை: ஒதுக்கீட்டுச் சட்டத்தை யார் அமல்படுத்துகிறார்கள்?

கைத்தறித் துறையில் அமலாக்கப் பிரிவு இருக்கிறது. பில்லும் துணித்துண்டும் இல்லாமல் போனால் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியாது. அதற்காகத்தான் பில், பில் என்று அடித்துக்கொள்கிறேன்.

பண்ருட்டி: மூன்று பிள்ளைகள். கைத்தறி எடுக்க ஆசைதான், கட்டுப்படியாகவில்லை. மலிவுத் துணி எடுப்பது தப்பா?

தப்பே இல்லை அம்மா. வளர்கிற பிள்ளைக்கு ஆறு மாதம் போடப்போகிற உடுப்பில் கொள்கை பார்க்காதீர்கள். பல வருஷம் உழைப்பதில் பாருங்கள்: துண்டு, போர்வை, வீட்டுக்காரர் கைலி. கூட்டுறவுக் கடைகளில் பண்டிகைத் தள்ளுபடி நாளில் ஒரு போர்வை எடுத்தால்கூட அது ஒரு தறிக்கு வேலை. போர்வையில் மொடமொடப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். இரு கையில் வைத்துக் கசக்குங்கள், வெள்ளைப் பொடி உதிர்ந்தால் கனம் கஞ்சியுடையது.

பாகூர்: உப்போடு வினிகர் சேர்த்தால் சாயம் நிற்குமா?

நிற்காது. மேலே நெல்லிக்குப்பத்துக்குச் சொன்னதுதான்.

கடலூர் முதுநகர்: காஞ்சிப் பட்டு அசலா என்று எப்படி அறிவது?

சில்க் மார்க் அட்டை பாருங்கள். சரிகை பற்றிப் பட்டு தெரிந்தவரிடம் கேளுங்கள், எனக்கு அது துறையில்லை.

லாஸ்பேட்டை (இன்னொருவர்): வெளிநாட்டுத் துணியை அறவே ஒதுக்குவதுதானே சுதேசி? உள்ளூர் என்றாலே சுத்தமும்தானே?

1905 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தாவில் சுதேசி அறிவித்தபோது எதிரே இருந்தது ஆங்கிலேய ஆட்சி. அதன் நினைவாகத்தான் அந்த நாளைக் கைத்தறி தினம் என்கிறோம். இன்று திருப்பூர் பிழைப்பதே வெளிநாட்டார் வாங்குவதால். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 விழுக்காடு வரி போட்டபோது முதலில் அடிபட்ட இடங்களில் அது ஒன்று. நாம் சொல்வதையே அவர்களும் சொன்னால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். நம்முடையதை விரும்பி வாங்குவது வேறு, அடுத்தவருடையதைப் பகையாக்குவது வேறு.

உள்ளூர் என்பதாலேயே சுத்தமும் ஆகிவிடாது. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலந்து, 2011-இல் உயர் நீதிமன்ற உத்தரவில் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட வேண்டி வந்தது. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத ஏற்பாட்டுக்குப் பணம் ஆகும், அது பனியன் விலையில் ஏறும். தண்ணீர்தான் உங்களுக்கு முதன்மை என்றால் சாயமே போடாத கோரா துணியோ வெள்ளையோ எடுங்கள். அவுரிச் சாயம் வேண்டுமென்றால் திண்டிவனம் பக்கம் இன்றும் அவுரி பயிரிடுகிறார்கள். 'இயற்கைச் சாயம்' என்று வாயால் சொன்னால் போதாது, பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர்: கைத்தறிச் சட்டைத் துணி எவ்வளவு எடுக்கணும்? சுருங்குமா? உப்பில் போடணுமா?

உப்பு வேண்டாம், மூன்றாவது தடவை சொல்கிறேன். பருத்தி முதல் நனைப்பில் நூற்றுக்கு 3 முதல் 5 வரை சுருங்கும். இரண்டரை மீட்டரில் 12 செ.மீ. வரை போகலாம். தையல்காரர் சொல்கிற அளவுக்கு மேல் கால் மீட்டர் கூட்டி எடுங்கள். இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவையுங்கள். பிழியாமல் நிழலில் போட்டு, பாதி ஈரத்தில் நூல் போகிற வாக்கில் இஸ்திரி போட்ட பிறகு வெட்டச் சொல்லுங்கள். காலர் உள்ளே வைக்கும் கேன்வாஸையும் கூடவே நனையுங்கள். அதை விட்டால் மூன்றாம் துவைப்பில் காலர் கொப்புளம் போடும்.