செங்கல் வாங்க வைப்புத்தொகையை உடைக்கலாமா?

கேள்வி: தஞ்சாவூர் அருகே 25-க்கு 40 அடி அளவில் பில்லர் போட்டு வீடு கட்டத் தொடங்கியிருக்கிறேன். உள்சுவர்களின் மொத்த நீளம் 90 அடி. 25,000 செங்கல் வேண்டும் என்கிறார் மேஸ்திரி. முழுப் பணத்தையும் இப்போதே கட்டினால் கல் 10 ரூபாய், மழை தொடங்கிவிட்டால் 11 ரூபாய் என்கிறார் சூளைக்காரர். இரண்டு மாதத்தில் முதிரவிருக்கும் இரண்டரை லட்ச ரூபாய் வைப்புத்தொகையை உடைத்துக் கொடுக்கலாமா?

பதில்: வடகிழக்குப் பருவமழையில் சுடாத பச்சைக் கல் காயாமல் சூளை வேலை நின்றுவிடும் என்பதால், விலை ஏறும் என்று அவர் சொல்வதை நம்பலாம். நான் முதலில் பார்க்க விரும்புவது அந்த 25,000 என்ற எண்ணிக்கையைத்தான்.

செங்கலைத் தரைப்பரப்பை வைத்து மதிப்பிடாமல் சுவர்ப்பரப்பை வைத்தே கணக்கிட வேண்டும். உடைசலையும் சேர்த்து, 9 அங்குலச் சுவருக்குச் சதுர அடிக்கு 10 கல்லும், நாலரை அங்குலச் சுவருக்கு 5 கல்லும் தாராளமாகப் போதும். உங்கள் வெளிச்சுவர் 130 அடி நீளம். பீமுக்குக் கீழே 9 அடி உயரம் என்று கொண்டால் 1,170 சதுர அடி வரும். அதில் இரண்டு கதவுகளுக்கும் ஆறு ஜன்னல்களுக்கும் 140 சதுர அடியைக் கழித்தால் 10,300 கல் ஆகிறது. உள்சுவர்களை நாலரை அங்குலத்தில் கட்டி, நான்கு கதவுகளைக் கழித்தால் ஏறத்தாழ 3,600. மூன்றடிக் கைப்பிடிச் சுவருக்கு 1,950. தரைமட்டத்துக்குக் கீழே இரண்டடி உயரக் கட்டுவேலைக்கு 4,400. ஆக மொத்தம் 20,300-க்குள் அடங்கிவிடுகிறது. மீதமுள்ள 4,700 கல் எதற்கு என்று மேஸ்திரியிடம் கேளுங்கள். கழிவுநீர்த் தொட்டிக்கு என்றால் அதன் அளவைச் சொல்லட்டும். சரியான விளக்கம் கிடைக்காவிட்டால் அது 47,000 ரூபாய் வீண்செலவு.

கல்லின் அளவையும் நேரில் பாருங்கள். பத்துக் கற்களை நீளவாக்கில் வரிசையாக வைத்து டேப் பிடித்தால் ஏழரை அடி வர வேண்டும். ஏழடி ஓரங்குலம்தான் வருகிறது, உயரமும் மூன்று அங்குலத்துக்குக் கால் அங்குலம் குறைகிறது என்றால், 9 அங்குலச் சுவரில் சதுர அடிக்கு ஒரு கல்லுக்கு மேல் கூடுதலாகப் பிடிக்கும். கலவையும் அதிகம் செல்லும். அப்போது 10 ரூபாய் மலிவான விலை ஆகாது.

இனி பணத்துக்கு வருவோம். அடித்தளத்துக்கும் வெளிச்சுவருக்கும் உரிய 14,700 கல்லை மட்டும் இப்போது வாங்குங்கள். கல்லுக்கு ஒரு ரூபாய் வீதம் மிச்சமாகும் தொகை 14,700 ரூபாய். முதிர்வு இவ்வளவு நெருங்கியிருக்கும்போது வைப்புத்தொகையை உடைத்து வட்டியைக் குறைத்துக்கொள்வதைவிட, அதன் பேரிலேயே வங்கியில் கடன் பெறுவது மேல்; வைப்பு வட்டியைவிட ஓரிரு சதவீதமே கூடுதலாகக் கேட்பார்கள், அதுவும் இரண்டு மாதத்துக்குத்தான். கைப்பிடிச் சுவர்க் கல் கான்கிரீட் கூரை போட்ட பிறகே தேவைப்படும் என்பதால், அதற்கு இன்று பணத்தை முடக்காதீர்கள்.

வீட்டுக் கடனும் வாங்குவதாக இருந்தால், முடிந்த வேலையின் அளவுக்கே வங்கி தவணை தவணையாகப் பணம் விடுவிக்கும். மனையில் அடுக்கிக் கிடக்கும் கல்லுக்குத் தராது. சூளைக்காரர் முழுப் பணத்தையும் கேட்டாலும், முன்பணமாகப் பாதிக்கு மேல் கொடுக்க வேண்டாம். கல்லின் அளவு, விலை, இறக்கித் தரும் தேதி மூன்றும் எழுதிய ரசீது வாங்கிக்கொண்டு, மீதியை ஒவ்வொரு லோடும் இறங்கி, அடுக்கி எண்ணிய பிறகு கொடுங்கள்.